யோபுவின் கதையைக் கேட்ட உத்தியோகஸ்தர்



பொங்கலுக்காக நம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆபீஸ்களும் அடைத்துக் கிடக்கிற நாட்களில், ஜனவரி 14ஆம் தேதியன்று, ஓர் இல்லறத்தாரின் திருநாள் வருகிறது. அவர் குருவானவர் அல்லர், சந்நியாசியும் அல்லர். மனைவியோடு குடும்பம் நடத்தியவர், அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர், மாடு செத்ததற்கும் பயிர் கெட்டதற்கும் நம்மைப் போலவே மனம் உடைந்து போனவர். வேதசாட்சியான அர்ச்சிஷ்ட தேவசகாயம் என்று இன்று அவரை வணங்குகிறோம். அவருடைய புண்ணிய வாழ்வு பிரசங்கத்தில் தொடங்கவில்லை, புதுமையிலும் தொடங்கவில்லை. துயரப்பட்டிருந்த ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதன் ஒரு கதை சொன்னான். அதுவே ஆரம்பம்.

நீலகண்டன் என்பது பெற்றோர் அவருக்கு இட்ட பெயர். 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நட்டாலம் என்ற ஊரில் பிறந்தார். அது அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. இப்போது கன்னியாகுமரி மாவட்டம். தகப்பனார் வாசுதேவன் நம்பூதிரி, தாயார் தேவகி அம்மாள். தாய்வழியிலே நாயர் குடும்பம், செல்வாக்குள்ள குடும்பம். மார்த்தாண்ட வர்மா மகாராஜா அரசாண்ட காலம் அது. நீலகண்டனுக்குப் பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் கிடைத்தது. பார்கவி அம்மாள் என்ற பெண்ணை மணந்தார். எல்லாம் குறைவின்றி நடந்துகொண்டிருந்தது.

இனிக் கதை சொன்னவரைப் பார்ப்போம். 1741ஆம் ஆண்டில் டச்சுக்காரர்களின் கம்பெனிப் படை குளச்சலில் மகாராஜாவின் படையிடம் தோற்றுப்போனது. அங்கே சிறைப்பட்ட அதிகாரிகளில் ஒருவர் தெலனாய். அவர் கத்தோலிக்கர். மகாராஜா அவருடைய திறமையை அறிந்து, தம்முடைய போர்வீரர்களைப் பழக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் இருந்த காலத்தில்தான் நீலகண்டனோடு பழக்கம் உண்டாயிற்று.

அந்நாட்களில் நீலகண்டன் வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நஷ்டங்கள் நேர்ந்தன. கால்நடைகள் மடிந்தன. விளைச்சல் பொய்த்தது. தெய்வம் தம்மேல் கோபம் கொண்டிருக்கிறதோ, எந்தக் குற்றத்துக்கு இந்தத் தண்டனையோ என்று அவர் மருகினார். முகவாட்டத்தைத் தெலனாய் கவனித்தார். கவனித்தவர் பேசாமல் போயிருக்கலாம். அவர் நிலையை எண்ணிப் பாருங்கள்: அந்நியர், போர்க் கைதி, வேறு மதத்து அரசரின் தயவில் உயிர் பிழைத்திருப்பவர். அரண்மனை உத்தியோகஸ்தரிடம் வேதத்தைப் பற்றிப் பேசி ஆபத்தைத் தேடிக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு என்ன? ஆனாலும் அருகே வந்து விசாரித்தார். விசாரித்தறிந்த பின், யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார்.

அந்தச் சரித்திரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். யோபு நீதிமான். ஒரே நாளில் எருதுகளும் கழுதைகளும் ஆடுகளும் ஒட்டகங்களும் போயின. ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் வீடு இடிந்து மாண்டார்கள். பின்பு உடம்பெல்லாம் புண். சாம்பலில் உட்கார்ந்தார். மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். முதல் ஏழு நாளும் வாய் திறவாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. வாய் திறந்த பிற்பாடு, நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் உனக்கு இந்தக் கதி என்று விதவிதமாக நிரூபிக்கத் தொடங்கினார்கள். யோபு அழுதார், முறையிட்டார், தாம் பிறந்த நாளையே சபித்தார். ஆனால் சர்வேசுரனை விட்டு விலகவில்லை. ஆகவே பொறுமை என்றால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைசியில் ஆண்டவர் தீர்ப்புச் சொன்னார். யாருக்கு விரோதமாக? பிறருடைய துன்பத்துக்குத் தாங்களாகவே காரணம் கற்பித்த அந்தச் சிநேகிதர்களுக்கு விரோதமாக. அவர்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி யோபுவையே ஏற்படுத்தினார்.

இந்த இடத்தில் நம் ஊர்ப்பக்கத்து விஷயம் ஒன்று சொல்லாமல் மேலே போக முடியவில்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டது நமக்கெல்லாம் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். ஒவ்வொரு முறையும் எழவு வீட்டுத் திண்ணையில் யாராவது ஒருவர், அந்தக் குடும்பத்துக்கு என்ன பாவமோ, என்ன சாபமோ என்று முணுமுணுக்கிறார். மருந்து கலக்கிற அறையில் உராய்வு உண்டானால் நெருப்புப் பற்றும். அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்களையும் சரக்கையும் ஓர் அறையில் அடைத்தால் ஒரு பொறி பல உயிரை வாங்கும். இதற்கு மனிதர் பதில் சொல்ல வேண்டும். மாண்டவருடைய பாவத்தைத் தேட வேண்டியதில்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை நம் ஆண்டவரே மறுத்தார் அல்லவா? மறுத்ததோடு, கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்பச் சொன்னார்.

நீலகண்டனுக்கு யோபுவின் கதை மருந்து போல வேலை செய்தது. துன்பம் வந்ததால் கடவுள் நம்மை வெறுத்துவிட்டார் என்று ஆகாது என்பதைக் கண்டுகொண்டார். அப்படிப்பட்ட கடவுளை இன்னும் அறிய வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கற்றார். தெலனாய் அவரை வடக்கன்குளத்திலிருந்த சேசுசபைக் குரு பரஞ்சோதிநாதரிடம் அனுப்பினார். பட்டாரி சுவாமி என்பவர் அவரே. குருவானவர் அவசரப்படவில்லை. அரண்மனை மனிதன் வேதத்தில் சேர்ந்தால் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியும். நன்றாகச் சோதித்த பிறகு, 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று.

ஊருக்குப் போதிக்கும் முன்னே தேவசகாயம் வீட்டில் தொடங்கினார். கணவரிடம் வேத சத்தியங்களைக் கற்று, பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். பின்பு தேவசகாயம் தம்மோடு பழகினவர்களிடம் பேசினார். அதில் ஒரு புதுமை என்னவென்றால், மேல் சாதி என்றும் கீழ் சாதி என்றும் பாராமல் எல்லாரோடும் அவர் கலந்து பழகினார். அரண்மனைக்காரர் சிலருக்கு அவர் வேதத்தில் சேர்ந்ததைப் போலவே இதுவும் பொறுக்கவில்லை. 2022இல் பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சிஷ்டவர் என்று பிரகடனம் செய்தபோது, பிள்ளை என்ற சாதிப் பட்டம் அவர் பெயரில் சேர்க்கப்படவில்லை. பொருத்தமான காரியம். சொல்ல வெட்கமாகவே இருக்கிறது: அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோவில், இரு பிரிவாருக்கென்று இரண்டாகப் பிரித்துக் கட்டப்பட்டது, 1910இல்தான் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. ஆண்டவருடைய தீர்ப்பு கோவிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

1749ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் தேவசகாயத்தைச் சிறைப்பிடித்தார்கள். ராஜத்துரோகம் முதலான குற்றங்கள் அவர்மேல் சாட்டப்பட்டன. பழைய மார்க்கத்துக்குத் திரும்பினால் விடுதலை, பதவியும் உண்டு என்று ஆசை காட்டினார்கள். அவர் இசையவில்லை. அதன்பின் ஏறக்குறைய மூன்று வருஷம். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின் மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து, ஊர் ஊராக ஊர்வலம் விட்டார்கள். பிரம்பால் அடித்தார்கள், அடிபட்ட புண்ணில் மிளகாய்ப் பொடி தடவி வெயிலில் நிறுத்தினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது அவர் பாறையில் முழங்கையால் இடித்ததும் நீர் சுரந்ததாக அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பாறையை முட்டிடிச்சான் பாறை என்று இன்றும் காட்டுகிறார்கள்.

ஆனால் நான் உங்களை நிறுத்திக் காட்ட விரும்புவது பெருவிளை என்ற இடம். அங்கே அவரை ஒரு வேப்ப மரத்தில் மாதக்கணக்காகக் கட்டிவைத்தார்கள். கொல்கிறவன் ஒரு நொடியில் கொன்றுவிடுவான். அந்த நொடிக்குத் தைரியம் கொண்டவர் பலர் உண்டு. நாளைக்கு விடுவார்களா, நாளைக்குக் கொல்வார்களா என்று தெரியாமல், மழையிலும் வெயிலிலும் ஒரு மரத்தடியில் ஒவ்வொரு நாளாகக் கழிப்பது வேறு. தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களும், அவர்கள் கட்டிலருகே விழித்திருந்தவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மரத்தடியில் தேவசகாயம் என்ன செய்தார்? ஜெபித்தார், வந்தவர்களிடம் பேசினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வருத்தம் சொல்ல ஆரம்பித்தார்கள். நோயாளிகள் வந்தார்கள், வேப்பிலையைக் கொடுத்து அவர்களுக்காக வேண்டிக்கொண்டார். கோட்டையிலே தெலனாய் தமக்குச் செய்ததை, கட்டப்பட்ட கைகளோடு இவர் பிறருக்குச் செய்தார். மறைக்கிறதற்காக ஊர் ஊராய்க் கொண்டுபோன மனிதரை, ஊரெல்லாம் அறிந்துகொண்டது.

கூட்டம் பெருகுவதைக் கண்டு பயந்த அதிகாரிகள் அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோனார்கள். 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் இரவு, காற்றாடிமலையில் அவரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்று, உடலைக் காட்டிலே எறிந்துவிட்டார்கள். பின்னர் கிறிஸ்தவர்கள் எஞ்சிய எலும்புகளைத் தேடி எடுத்து, கோட்டாற்றில் அர்ச். சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள். கொச்சி மேற்றிராணியார் சில ஆண்டுகளுக்குள் இந்தச் செய்தியை ரோமாபுரிக்கு எழுதினார். அதற்குப் பிறகு ஆன காலத்தைக் கணக்கிடுங்கள். முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அளிக்கப்பட்டது. முதலிப்பட்டி துக்கம் ஆறாத அதே வருஷம். 2022 மே 15ஆம் நாள் அர்ச்சிஷ்டவர் ஆனார். இந்திய நாட்டு இல்லறத்தாரில் இந்த மகிமை பெற்ற முதல்வர் அவரே. திருச்சபைக்கும் பொறுமை உண்டு போலும்!

ஞானப்பூ அம்மாள் கணவரை இழந்த பிறகு வடக்கன்குளத்துக்குப் போய், அங்கேயே வாழ்ந்து, அங்கேயே இறந்தார். அவர் எத்தனை இரவு விழித்திருந்தார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. நம் விருதுநகரிலிருந்து நாகர்கோவில் போகிறவர்கள் காவல்கிணறு பக்கம் இறங்கினால் அந்த ஊருக்குப் போய்வரலாம். அதைத் தாண்டினதும் ஆரல்வாய்மொழி மலைகள் கண்ணுக்குத் தெரியும்.

தெலனாய் அதற்குப் பின்பும் ஏறக்குறைய 25 வருஷம் திருவிதாங்கூரிலேயே ஊழியம் பார்த்தார். தாம் சொன்ன கதையைக் கேட்டவர் அந்தக் கதைக்காக உயிரைக் கொடுத்ததை அறிந்தே அத்தனை காலமும் வாழ்ந்தார். 1777இல் இறந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள், லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல்லின் கீழே அவர் அடக்கமாகியிருக்கிறார்.