ஜஸ்ட் பாஸ் ஆன நோபல்காரர்

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் அர்ஹீனியஸ் சமன்பாட்டை மனப்பாடம் பண்ணாமல் நீங்க இந்தக் காலேஜுக்குள்ள வந்திருக்கவே முடியாது. ஆனா அந்த மனுஷனைப் பத்தி நமக்கு எவ்வளவு தெரியும்?

சுவாந்தே அர்ஹீனியஸ் 1859-ல் ஸ்வீடனில், உப்சாலா நகருக்கு அருகே பிறந்தார். அப்பா நில அளவையாளர். மூன்று வயதிலேயே தானாக வாசிக்கக் கற்றுக்கொண்டவர்.

1884-ல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். உப்புக் கரைசலில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்பதுதான் தலைப்பு. பேராசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. மிகக் குறைந்த தரம் போட்டு, அரைமனதாகத் தேற விட்டார்கள். நம்ம பாஷையில் சொன்னா, ஜஸ்ட் பாஸ்!

அவர் சோர்ந்து உட்காரவில்லை. ஆய்வேட்டைப் பிரதி எடுத்து வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். அதைப் படித்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் நேரில் உப்சாலாவுக்கே வந்து, ரிகாவில் வேலை தருவதாகச் சொன்னார். அப்பா நோயுற்றிருந்ததால் அர்ஹீனியஸ் போகவில்லை. உப்பைத் தண்ணீரில் கரைத்தாலே போதும், கரண்ட் பாய்ச்சுவதற்கு முன்பே அது அயனிகளாகப் பிரிந்துவிடும் என்று 1887-ல் தன் கொள்கையைத் தெளிவாக வகுத்தார். அதே கொள்கைக்குத்தான் 1903-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பெற்ற முதல் ஸ்வீடன்காரர் அவர்தான்.

இன்றைக்கு சோலார் மின்சாரத்தைச் சேமிக்கிற பேட்டரியைப் பாருங்க. உள்ளே எலக்ட்ரோலைட்டில் அயனிகள் நகர்வதால்தான் சார்ஜ் ஏறுது, இறங்குது. 1889-ல் அவர் தந்த சமன்பாடோ, வெப்பம் ஏறினால் வேதிவினையின் வேகமும் ஏறும் என்கிறது. பேட்டரிக்குள் நடக்கும் வேண்டாத வினைகளுக்கும் இது பொருந்தும். அதனால்தான் வெயிலில் காயும் பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டுது.

கதை இதோடு முடியலை. 1894 டிசம்பரில் அவர் இன்னொரு கணக்கில் இறங்கினார். மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்த காலம் அது. பனியுகங்கள் ஏன் வந்தன என்பதே கேள்வி. நிலவொளியின் வெப்பத்தை அளந்த லாங்லியின் தரவுகளை எடுத்துக்கொண்டு, பூமியை அட்சரேகைவாரியாகப் பிரித்து, பருவத்துக்குப் பருவம் கையாலேயே கணக்குப் போட்டார். கால்குலேட்டர் கிடையாது. கிட்டத்தட்ட ஒரு வருஷ உழைப்பு. 1896-ல் முடிவு வெளியானது: காற்றில் கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால், வெப்பநிலை சுமார் 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் உயரும், துருவப் பக்கம் அதிகமாகவே சூடேறும். இன்றைய கணிப்பு சுமார் 3 டிகிரி. கையால் போட்ட கணக்குக்கு இது மோசமில்லையே!

ஆனால் அவர் பயப்படவில்லை. அன்றைய வேகத்தில் நிலக்கரி எரித்தால் இரட்டிப்பாக ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும் என்று நினைத்தார். குளிர்நாட்டுக்காரர் இல்லையா, கொஞ்சம் சூடேறினால் விளைச்சல் பெருகும் என்றே நம்பினார். கணக்கு தவறவில்லை, நம் எரிக்கும் வேகம்தான் அவர் கற்பனையைத் தாண்டிவிட்டது. அவர் காலத்தில் காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்குக்கும் குறைவாக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

1927-ல் ஸ்டாக்ஹோமில் அவர் காலமானார்.

நிலக்கரியை விட நமக்கு பேட்டரி வேணும். ஆனா ஏற்கெனவே ஏறிவிட்ட சூடு அந்த பேட்டரியின் ஆயுளையே குறைக்குது. இந்த இரண்டு கணக்கையும் போட்டு வைத்தவர் ஒரே ஆள். நடுவில் இருக்கிற டிசைன் வேலை மட்டும் நமக்கு மிச்சம். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறவங்க இங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்.