மெட்டல் டிடெக்டர் வாங்கப் போறீங்களா? கிரகாம் பெல் கதையைக் கேளுங்க!

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தூத்துக்குடி பீச்சுக்கு ஒரு மெட்டல் டிடெக்டரோடு கிளம்ப ஆசையா? பட்ஜெட் போடும் முன், அதன் முன்னோடியைச் செய்த அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் பட்ட பாட்டைக் கேளுங்க.

1847-ல் எடின்பரோவில் பிறந்தவர். அம்மா, மனைவி இருவருக்குமே காது கேட்காது. ஒலிதான் இவர் வாழ்க்கை. 1876-ல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் கிடந்த குண்டைத் தேட, பெல் ராப்பகலாக ஒரு கருவி செய்தார். உலோகம் கிட்டே வந்தால் ரிசீவரில் சத்தம் கேட்கும். ஆனால் அதிபர் படுத்திருந்ததோ இரும்பு ஸ்பிரிங் மெத்தை! ஒரே இரைச்சல். டாக்டரோ வலது பக்கம் மட்டுமே தேடவிட்டார். குண்டு இருந்தது இடது பக்கம். அந்த ஆகஸ்ட்டில் பெல்லின் ஆண் குழந்தை பிறந்த அன்றே மூச்சுத் திணறி இறந்தது. செப்டம்பரில் அதிபரும் போய்விட்டார். மனுஷன் முடங்கவில்லை, மூச்சுக்கு உதவும் ஜாக்கெட் ஒன்றைச் செய்தார். 1922-ல் மறைந்தார்.

உப்பு ஈர மணலும் அந்த மெத்தை மாதிரிதான். உப்புத்தண்ணீரில் மின்சாரம் பாயும் என்பதால், மலிவான சிங்கிள் ஃப்ரீக்வென்ஸி கருவி சும்மாவே கத்தும். கூடக் கொஞ்சம் போட்டு மல்டி ஃப்ரீக்வென்ஸி வாங்குங்க. பல்ஸ் இண்டக்‌ஷனும் உப்பைத் தாங்கும். துருப்பிடித்த ஆணியையெல்லாம் தோண்ட வைக்கும், அவ்வளவுதான். காயில் மட்டுமல்ல, கன்ட்ரோல் பாக்ஸும் வாட்டர்ப்ரூஃபான்னு பாருங்க.

கட்டபொம்மன் கோட்டைப் பக்கம் மட்டும் கருவியைக் கொண்டுபோகாதீங்க. மண்ணில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், 1878-ம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் சொல்லியாகணும்.