கைக்குழந்தையோடு சிறை சென்ற வழக்கறிஞர்

மாநிலங்களவையின் துணைத் தலைவராக ஏழு ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய வயலட் ஆல்வாவை நம்மில் சிலர் பெயரளவில் அறிந்திருப்போம். அந்த இருக்கைக்கு அவர் வந்த வழியைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

1908ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை லட்சுமண் ஹரி ஆங்கிலிக்கத் திருச்சபையின் போதகர். ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது இவர். பதினாறு வயதில் தாயுமில்லை, தந்தையுமில்லை. உடன்பிறந்த மூத்தவர்களே பம்பாயில் கன்னியர் பள்ளியில் படிக்க வைத்தார்கள். இயேசு சபையாரின் புனித சவேரியார் கல்லூரியிலும், பின்னர் அரசு சட்டக் கல்லூரியிலும் பயின்றார். 1937இல் மங்களூர்க் கத்தோலிக்கரான ஜோவாக்கிம் ஆல்வாவை மணந்தார். அவரும் வழக்கறிஞர், விடுதலைப் போராட்ட வீரர்.

1943இல் ஆங்கிலேய அரசு வயலட்டைக் கைது செய்தது. மடியில் ஐந்து மாதக் குழந்தை. யாரிடம் விட்டுச் செல்வது? ஆர்தர் ரோடு சிறைக்குள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டே போனார். அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு முன் நின்று வாதாடினார். இந்தியாவில் ஒரு பெண் வழக்கறிஞர் அவ்வாறு வாதாடியது அதுவே முதன்முறை.

அந்தப் பெயரை வைத்துப் பெரும் பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ நகரின் பொதுப்பணிக்கு வந்தார். 1946-47இல் பம்பாய் மாநகராட்சியின் துணைத் தலைவர். 1947இல் கௌரவ மாஜிஸ்திரேட். 1948 முதல் 1954 வரை சிறார் நீதிமன்றத்தின் தலைவர். அவர் வகித்த பதவிகளில் இந்தக் கடைசியையே நாம் பெரிதாக எண்ணுகிறோம். திருடிப் பிடிபட்ட பிள்ளைகள் மட்டுமல்ல, ஆதரவின்றித் தெருவில் திரிந்த பிள்ளைகளும் அந்த மன்றத்திற்குக் கொண்டுவரப்பட்டார்கள். வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் சேர்ப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். சிறுவர் இல்லங்களில் பணியாற்றிய நம் போன்றோருக்கு அது எவ்வளவு கடினமான முடிவு என்று தெரியும். அங்கே தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவர் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். தம் பிள்ளையோடு சிறைக்கதவைக் கடந்தவர்.

1952இல் அவர் மாநிலங்களவைக்கும் கணவர் மக்களவைக்கும் சென்றார்கள். 1957இல் உள்துறைத் துணை அமைச்சர், 1962இல் மாநிலங்களவைத் துணைத் தலைவர். 1969இல் குடியரசுத் துணைத் தலைவர் பதவிக்கு இந்திரா காந்தியின் ஆதரவு கிடைக்கவில்லை. அந்த வருத்தம் அவருக்கு இருந்தது. அதை மறைத்துச் சொல்லத் தேவையில்லை. நவம்பரில் பதவி விலகினார். சில நாள்களில், 20ஆம் தேதி, 61ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

2008இல் வெளியான அஞ்சல்தலையில் கணவரும் அவரும் சேர்ந்தே இருக்கிறார்கள்.