கதை படிக்க எழுத்துக் கற்றார்கள்! - தேவகி நந்தன் கத்ரியின் வரலாறு

ஒரு கதையைப் படிப்பதற்காகவே மக்கள் புதிதாக எழுத்துக் கற்றுக்கொண்டார்கள். இது நடந்தது வடநாட்டில். நடந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

அந்தக் கதையின் பெயர் 'சந்திரகாந்தா'. அதை எழுதியவர் தேவகி நந்தன் கத்ரி.

1994-ம் ஆண்டு தூர்தர்ஷனில் ஞாயிறு காலையில் வந்த 'சந்திரகாந்தா' தொடரைப் பார்த்தவர்களுக்குப் பெயர் நினைவிருக்கும். தொடரில் கதையை மிகவும் மாற்றிவிட்டார்கள். மூலக்கதை வேறு. அதை எழுதியவரின் கதையும் சுவையானது.

காசிக்கு வந்த குடும்பம்

கத்ரியின் தந்தை லாலா ஈசுவரதாஸ். பஞ்சாபில் இருந்து காசிக்கு வந்து குடியேறியவர்.

கத்ரி 1861-ம் ஆண்டு பீகாரில் முசாபர்பூர் பகுதியில், தாயின் பிறந்த வீட்டில் பிறந்தார். இளமையில் அவர் கற்றது உருதுவும் பாரசீகமும். காசிக்கு வந்த பிறகுதான் இந்தியும் சமஸ்கிருதமும் படித்தார். பிற்காலத்தில் எத்தனையோ பேரை இந்தி படிக்க வைத்தவர், தாமே இந்தியைப் பின்னால் கற்றவர்தான்!

வாலிபத்தில் கயை மாவட்டத்தில் உள்ள டிகாரி சமஸ்தானத்தில் வியாபாரம் செய்தார். பிறகு காசிக்குத் திரும்பினார். காசி மகாராஜாவின் ஆதரவு கிடைத்தது. சகியா, நவ்கர் காடுகளைக் குத்தகைக்கு எடுத்தார்.

காடு கொடுத்த கதை

குத்தகைக்காரர் என்றால் மரத்தை எண்ணிக்கொண்டு இருப்பார். கத்ரி அப்படி இல்லை. காட்டுக்குள் இருந்த இடிந்த கோட்டைகளையும், குகைகளையும், பாழடைந்த மண்டபங்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பல நாட்கள் அங்கேயே திரிந்தார்.

ஒருநாள் குத்தகை கைநழுவிப் போயிற்று. வருமானம் நின்றது. கையில் மிஞ்சியது, கண்ணால் பார்த்த காடும் கோட்டையும்தான். அதை வைத்துக் கதை எழுத உட்கார்ந்தார்.

'சந்திரகாந்தா' 1888-ம் ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. மொத்தம் 4 பாகம்.

நவ்கர் இளவரசன் வீரேந்திர சிங். விஜயகர் இளவரசி சந்திரகாந்தா. இருவரும் காதலிக்கிறார்கள். நடுவில் வந்து கெடுப்பவன் குரூர் சிங். பெயரிலேயே குரூரம்! சுனார் நாட்டு அரசனும் குறுக்கே வருகிறான். விஜயகரும் சுனாரும் இன்றும் கோட்டைகள் நிற்கும் உண்மையான ஊர்கள். காசியில் இருந்து எட்டிவிடும் தூரம்.

கதையை இழுத்துச் செல்பவர்கள் 'அய்யார்'கள். இந்த அய்யார் வேறு, நம் ஊர் அய்யர் வேறு! அய்யார் என்றால் மாறுவேடம் போடுவதில் கெட்டிக்காரனான ஒற்றன். பையில் மயக்க மருந்தும் வைத்திருப்பான், மயக்கம் தெளிவிக்கும் மருந்தும் வைத்திருப்பான். ஆண் அய்யார் மட்டும் அல்ல, சபலா என்ற பெண் அய்யாரும் உண்டு.

அடுத்தது 'திலிஸ்ம்'. புதையலைக் காக்கும் மர்ம மாளிகை. எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அய்யாரும் திலிஸ்மும் கத்ரி புதிதாகப் படைத்தவை அல்ல. பாரசீகத்திலும் உருதுவிலும் சொல்லப்பட்டு வந்த நெடுங்கதைகளில் இருந்தவை. அங்கே மந்திரவாதிகள் ஆட்சி. கத்ரியோ மந்திரத்தைக் குறைத்து இயந்திரத்தைப் புகுத்தினார். விசையைத் தொட்டால் சுவர் நகரும், கல் பொம்மை கை நீட்டும். இந்தச் சொற்கள் இந்தியில் பரவி நிலைத்ததற்கு அவருடைய கதைகள் முக்கிய காரணம்.

எழுத்து என்ற சுவர்

அந்தக் காலத்து நிலையை இங்கே சொல்ல வேண்டும்.

இன்றைய உத்தரபிரதேசப் பகுதியில் கோர்ட்டு, கச்சேரி வேலை எல்லாம் உருதுவில் நடந்தது. அது பாரசீக எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதப்படுவது. குமாஸ்தா வேலை வேண்டும் என்றால் அந்த எழுத்து தெரிய வேண்டும். கோர்ட்டுகளில் நாகரி எழுத்தையும் பயன்படுத்தலாம் என்ற உத்தரவு 1900-ம் ஆண்டு ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை நாகரி எழுத்தைக் கற்றவருக்குச் சர்க்கார் வேலையில் பெரிய லாபம் எதுவும் இல்லை.

பேச்சில் இருவருக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. உருது படித்தவரும் இந்தி படித்தவரும் கடைத்தெருவில் ஒரே மாதிரிதான் பேசினார்கள். எழுத்துதான் சுவராக நின்றது. நம்மவர்களுக்கு இது எளிதில் புரியும். காய்கறிக்காரரிடம் சரளமாக இந்தி பேசுவோம். பஸ்சில் எழுதி இருப்பதைப் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் நிற்பவரைக் கேட்போம்!

கத்ரி இதைப் புரிந்துகொண்டு எழுதினார். சமஸ்கிருதச் சொற்களை அடுக்கவில்லை. பாரசீகச் சொற்களையும் அடுக்கவில்லை. மக்கள் பேசுகிற பேச்சை நாகரி எழுத்தில் எழுதினார். அதனால் எழுத்தை மட்டும் கற்றால் போதும், கதை புரிந்துவிடும்.

ஒருவர் படிக்க, பலர் கூடிக் கேட்பது அக்கால வழக்கம். கேட்டவர்களுக்குப் பொறுக்கவில்லை. அடுத்தது என்ன என்று தாமே படிக்க ஆசைப்பட்டார்கள். உருது மட்டும் தெரிந்த எத்தனையோ பேர் நாகரி எழுத்தைக் கற்றார்கள்.

வேலைக்காக அல்ல, சர்க்கார் உத்தரவுக்காக அல்ல, ஒரு கதைக்காக!

புத்தகம் எங்கே கிடைத்தது?

தெற்கே ரெயில் நிலையங்களில் ஹிக்கின்பாதம்ஸ் போல, வடக்கே வீலர் புத்தகக் கடை. அலகாபாத்தில் 1877-ம் ஆண்டு தொடங்கியது. 'சந்திரகாந்தா' வெளிவரத் தொடங்கிய அதே 1888-ல், ருட்யார்ட் கிப்ளிங்கின் கதைகளை ஒரு ரூபாய் விலையில் ரெயில் பயணிகளுக்காக வீலர் வெளியிட்டது. அது ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு.

இந்திப் புத்தகம் வாங்குபவருக்கு அச்சுக்கூடமே கடையாக இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு வி.பி.பி. கைகொடுத்தது. 1877-ம் ஆண்டு தபால் இலாகா தொடங்கிய முறை இது. கடிதம் போட்டால் புத்தகம் வீடு தேடி வரும், தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும். பெரிய கடைகள் இல்லாத ஊர்களுக்கும் புத்தகம் போய்ச் சேர இது வழி செய்தது.

முதலில் மற்றவர்களின் அச்சகத்தை நம்பி இருந்த கத்ரி, 1898-ம் ஆண்டு காசியில் 'லகரி' என்ற அச்சகத்தைத் தாமே தொடங்கினார். எழுதுபவரும் அவரே, அச்சடிப்பவரும் அவரே, விற்பவரும் அவரே. 1900-ல் 'சுதர்சன்' என்ற மாதப் பத்திரிகையையும் தொடங்கினார்.

'சந்திரகாந்தா'வின் தொடர்ச்சியாக அவர் எழுதிய 'சந்திரகாந்தா சந்ததி' 24 பாகம் வந்தது. ஒவ்வொரு பாகமாக வெளிவந்ததால் மொத்தமாகப் பணம் போட வேண்டிய கவலை வாசகருக்கு இல்லை. ஒன்றை முடித்தவர் அடுத்ததற்குக் காத்திருந்தார்.

பண்டிதர்களின் தீர்ப்பு

இலக்கியப் பண்டிதர்கள் கத்ரியை மெச்சவில்லை. இந்தி இலக்கிய வரலாற்றை 1929-ல் எழுதிய இராமச்சந்திர சுக்லர், கத்ரியின் கதைகளில் நிகழ்ச்சிகள்தான் உண்டு, அவற்றை இலக்கியமாகக் கொள்ள முடியாது என்று கருதினார். ஆனால் அவரே ஒன்றை ஒப்புக்கொண்டார். கத்ரி உண்டாக்கிய அளவுக்கு இந்தி வாசகர்களை வேறு எந்த எழுத்தாளரும் உண்டாக்கவில்லை என்பதே அது. கத்ரியைப் படித்தவர்கள் பிறகு வேறு நூல்களுக்கும் போனார்கள், சிலர் எழுதவும் தொடங்கினார்கள் என்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

காசிக்கு அருகே பிறந்த பிரேம்சந்த் முதலில் உருதுவில் எழுதியவர். அவர் உருதுவில் எழுதிய பெரிய நாவல், 'சேவாசதன்' என்ற பெயரில் முதலில் இந்தியில்தான் அச்சேறியது. உருதுப் பதிப்பு பல ஆண்டுகள் கழித்தே வந்தது. பிரேம்சந்த் இந்திக்கு வந்தபோது அங்கே படிப்பதற்கு ஒரு கூட்டம் தயாராக இருந்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்த்ததில் கத்ரிக்குப் பெரும் பங்கு உண்டு.

'பூத்நாத்' என்ற கதையை எழுதிக்கொண்டு இருந்தபோது, 1913-ம் ஆண்டு கத்ரி காலமானார். வயது 52. அதுவரை 6 பாகங்களே முடிந்திருந்தன. மீதியை அவருடைய மகன் துர்கா பிரசாத் கத்ரி எழுதி முடித்தார்.

நமக்கு என்ன?

டெல்லியிலும் மும்பையிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள். பாட்டியிடம் போனில் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். ஆனால் பாட்டி கையால் எழுதிய நாலு வரியைப் படிக்கத் தெரியாது. பேச்சு இருக்கிறது, எழுத்துதான் சுவராக நிற்கிறது.

தமிழின் பெருமையைச் சொல்லி அவர்களைப் படிக்க வைக்கப் பார்க்கிறோம். கத்ரி எந்தப் பெருமையும் பேசவில்லை. ஆவலைத் தூண்டினார், அவ்வளவுதான்.

அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது, முறுக்கு டப்பாவுடன் எளிய தமிழில் எழுதிய கதைப் புத்தகம் ஒன்றையும் பையில் வையுங்கள். இரவில் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள். திருடன் கதவைத் திறக்கும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதைப் பிள்ளை தானே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்!