அறிஞர் அஸீஸ்: இலக்கை மாற்றிக்கொண்ட ஒரு வாழ்வு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்த மாணவரைப் பார்த்து, அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்காத பெரியவர்கள் இல்லை. பதினாறு வயதில் எதிர்காலத்தைத் திட்டமிட வேண்டும், இலக்கொன்றை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று பரிசளிப்பு விழா மேடைகளில் ஆண்டுதோறும் அறிவுரை வழங்கப்படுகிறது. அறிவுரையில் பிழையில்லை. ஆயினும் அந்த இலக்கு எங்கிருந்து பிறக்கிறது, அதனை அடையும் வழியை யார் அமைத்துக் கொடுக்கிறார்கள் என்ற வினாக்கள் அம்மேடைகளில் எழுவது அரிது. இவ்விரு வினாக்களையும் எண்ணும்போதெல்லாம் எமது நினைவுக்கு வருபவர் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள்.

அபூபக்கர் முகம்மது அப்துல் அஸீஸ் 1911ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தையார் சட்டத்துறையில் பெயர்பெற்றவர். அந்நாளைய யாழ்ப்பாண வழக்கில் சொல்வதானால் பிறக்கிறாசியார். இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. வறுமையிலிருந்து எழுந்தவர் என்ற வழக்கமான கதை அஸீஸுக்குப் பொருந்தாது. ஆனால் வீட்டில் வசதியிருந்தும் சமூகத்தில் முன்மாதிரி இல்லாத நிலை ஒன்று உண்டு. அக்காலத்து யாழ்ப்பாண முஸ்லிம் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு வணிகமே விதிக்கப்பட்ட வழியாக இருந்தது. எழுதவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்ததும் கடைக்குப் போவதே வழமை. ஆங்கிலக் கல்வி மார்க்கத்துக்கு ஊறு செய்யுமோ என்ற ஐயமும் நிலவியது. அயலில் வாழ்ந்த தமிழ் இளைஞர்களோ அரசாங்க எழுதுவினைஞர் பதவியையும் மலாயா உத்தியோகத்தையும் கனவு கண்டவர்கள்.

இச்சூழலில் அஸீஸ் முதலில் வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும், 1923 முதல் 1929 வரை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றார். பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரையிலான, ஒருவரின் எதிர்காலம் உருப்பெறும் ஆண்டுகள் முழுவதையும் இந்து மாணவர்களின் நடுவே, தமிழ் மணம் கமழ்ந்த வகுப்பறைகளில் அவர் கழித்தார் என்பது கவனிக்கத்தக்கது. அவர் தமது மார்க்கத்தை அங்கே இழக்கவில்லை, தமிழையும் ஈட்டிக்கொண்டார். பிற்காலத்தில் அவர் எழுதிய ‘இலங்கையில் இஸ்லாம்’ என்னும் நூலின் தமிழுக்கு வேர் அந்த வகுப்பறைகளிலேயே இருந்தது என்று நாம் துணிந்து கூறலாம்.

1929இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்ற அவர், வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயின்று 1933இல் பட்டம் பெற்றார். அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்தது, கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கிருக்கும்போதே இலங்கைச் சிவில் சேவைப் பரீட்சையில் தேறியதால் ஆராய்ச்சிப் படிப்பை இடைநிறுத்தி 1935இல் நாடு திரும்பினார். சிவில் சேவையில் நுழைந்த முதலாவது இலங்கை முஸ்லிம் அவரே. அந்நாளில் ஓர் இலங்கை இளைஞன் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி அது. இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில் அவ்விடத்தை அடைந்த ஒருவரைக் காட்டி, இதோ இலக்கு வகுத்து வென்றவர் என்று சொல்லி எமது மேடைப் பேச்சாளர்கள் அமர்ந்துவிடுவார்கள். எமக்கோ அஸீஸின் கதை இதன் பின்னரே தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போர் உச்சத்திலிருந்த 1942ஆம் ஆண்டு. பர்மா யப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. நாட்டில் உணவு உற்பத்தியைப் பெருக்கும் அவசரத் தேவை எழுந்தது. அப்பணிக்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார் அஸீஸ். வயல்களைப் பெருக்கச் சென்றவரின் கண்ணில் பட்டது வேறொரு தரிசு நிலம். உழைப்பாளிகளான விவசாயிகளின் கெட்டிக்காரப் பிள்ளைகள் சில வகுப்புகளோடு படிப்பை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் ஆற்றல் இருந்தது, ஆசையும் இருந்திருக்கும். மேலே கற்பதற்கான பணமும், வழிகாட்டும் கையும் இருக்கவில்லை. சுவாமி விபுலாநந்தரோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பும் கிழக்கிலே அவருக்குக் கிட்டியது. கல்விப் பணிக்காகவே துறவு வாழ்வை வகுத்துக்கொண்ட அப்பெரியாரின் தொடர்பு இளம் அதிகாரியின் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

அவ்வாண்டே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. ஓர் ஊருக்கென எழுந்த அந்த எண்ணம் 1945இல் நாடு தழுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. வசதியற்ற மாணவர் உயர்கல்வியைத் தொடர உதவுவதே அதன் நோக்கம். அந்நிதியின் துணையால் மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் உயர்ந்தோர் பலர்.

1948ஆம் ஆண்டு அவர் செய்த காரியம் அன்று பலரை வியப்பில் ஆழ்த்தியது. சிவில் சேவையிலிருந்து விலகி, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. இன்னும் இருபது ஆண்டுகளுக்குக் குறையாத அதிகாரமும் அந்தஸ்தும் முன்னே காத்திருந்த வேளையில், ஒரு பாடசாலையின் கதிரைக்கு இறங்கி வந்தார் என்றே ஊரார் எண்ணினர். இளமையில் வகுத்த இலக்கை அடைந்த பின்னர், அது தமக்கு மட்டுமே உரிய இலக்காக இருந்ததை உணர்ந்து அதனைக் கைவிட்டவர் என்றே நாம் அவரைக் காண்கிறோம்.

1961 வரை அவர் நடத்திய ஸாஹிரா, முஸ்லிம் மாணவர்களுக்கு மட்டுமான கூடமாக இருக்கவில்லை. கரவெட்டியிலிருந்து சென்ற கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே கற்றார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். இந்துக் கல்லூரி ஒரு முஸ்லிம் சிறுவனுக்குத் தந்ததை, முஸ்லிம் கல்லூரியொன்று தமிழ் இளைஞனுக்குத் திருப்பித் தந்தது. 1952 முதல் மூதவை உறுப்பினராக இருந்த அஸீஸ், 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, தாம் சார்ந்திருந்த கட்சியினின்றும் விலகினார். 1973 நவம்பர் 24ஆம் திகதி அவர் காலமானார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவரது மறைவுக்குப் பின்னர் இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கிக் கௌரவித்தது.

இனி வன்னிக்கு வருவோம். இம்மண்ணில் திட்டங்கள் வகுக்கப்படாமல் இல்லை. வகுத்த திட்டங்கள் குலைக்கப்பட்டன. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவின் முஸ்லிம் பிள்ளைகளும் தமது வகுப்பறைகளை விட்டுச் சென்றார்கள். அவர்களுட் பலரின் பதின்ம வயது புத்தளத்து முகாம்களில் கழிந்தது. 2009ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சையைச் செட்டிகுளம் முகாம்களிலிருந்தவாறே எழுதிய தமிழ் மாணவர்களை எவரும் மறந்திருக்க முடியாது. இலக்கில்லாத தலைமுறை என்று இவர்களைக் குறைகூறுவோருக்கு, அச்சூழலில் பரீட்சை மண்டபத்தில் போய் அமர்ந்ததே எத்தகைய இலக்கு என்பது புரிவதில்லை.

இன்று வாயில்கள் முன்னைவிட அருகில் வந்துள்ளன. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பல்கலைக்கழக அனுமதியிலும் வன்னி மாவட்டங்களுக்குப் பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய ஒதுக்கீடு உண்டு. ஆனால் அறிவியல்நகரின் வாயிலைக் கடந்து தினமும் செல்லும் பேருந்தில் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, அந்த வாயிலுக்குள் நுழைய எந்தப் பாடத்துறையைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதை எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். தன் ஊர்ப் பாடசாலையில் கணித, விஞ்ஞானப் பிரிவு இல்லையென்றால் தூரத்து நகருக்குச் செல்லப் பயணச் செலவு வேண்டும். தங்கிப் படிக்க இடம் வேண்டும். பெண்பிள்ளை என்றால் பாதுகாப்பான இடமும் வேண்டும். இவை எதுவும் பிள்ளையின் மன உறுதியால் மட்டும் கிடைத்துவிடுவன அல்ல.

வெளிநாடுகளில் வாழும் எமது உறவுகள் ஊர்க் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் வாரி வழங்குவதை நாம் குறைகூற மாட்டோம். கோபுரங்களும் மினாராக்களும் உயரட்டும். ஆயினும் ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தமது ஆண்டு வருமானத்தில் ஒரு பங்கைச் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கென ஒதுக்கி வைக்க முடியும். படிப்பு நின்றுபோவது பெரும்பாலும் அவ்விடத்தில்தான். கல்முனையில் அஸீஸ் தொடங்கியபோது அவர் கையில் இருந்ததும் ஓர் ஊரும் ஒரு சங்கமும் மட்டுமே. பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாள்வரை காத்திராமல், அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலேயே இதனைச் சேர்த்துக்கொள்ளுமாறு சம்பந்தப்பட்ட யாவரையும் நாம் கேட்டுக்கொள்கிறோம்.