மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயர் ஏன்? யார் இவர்?

வேளாங்கண்ணி, திருப்பூண்டி பக்கம் ஒரு வீட்டில் பெண் கர்ப்பமானால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, ஆரோக்கிய மாதாவுக்கு நேர்த்திக்கடன். இதில் மதம் குறுக்கே வருவதில்லை. இன்னொன்று, கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்குவது. அந்தப் பதிவோடு சேர்ந்து வருவதுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்.

பேச்சில் இது '18 ஆயிரம் ரூபாய் திட்டம்' என்று சுருங்கிவிட்டது. படிவத்தில் இருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டால், பலருக்கும் 'யாரோ ஒரு பெரிய டாக்டர்' என்ற அளவில்தான் தெரியும். அவர் பெரிய டாக்டர்தான். ஆனால் அவர் பெயரை இந்தத் திட்டத்துக்கு வைத்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை.

புதுக்கோட்டைப் பெண்

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. அப்போது புதுக்கோட்டை தொண்டைமான்கள் ஆண்ட தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி, மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர், பிராமணர். அம்மா சந்திரம்மாள், கோயில் சேவையோடு கட்டிவைக்கப்பட்ட தேவதாசி மரபில் வந்த இசை வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தக் குடும்பப் பின்னணியை ஊர் அவருக்கு அடிக்கடி நினைவூட்டிக்கொண்டே இருந்தது.

வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். அதன்பிறகு வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து கல்லூரி. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதை ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம்.

'இந்தியாவின் முதல் பெண் டாக்டர்' என்று சமூக வலைதளங்களில் இவரைப் பற்றி ஒரு தகவல் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது சரியில்லை. ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் மருத்துவப் படிப்பை முடித்தது 1886-ல். அதாவது முத்துலட்சுமி பிறந்த அதே வருஷம். முதல் ஆள் என்ற பட்டம் இல்லாவிட்டாலும் அவர் செய்ததில் எதுவும் குறைந்துவிடாது.

பிரசவ வார்டில் பார்த்தது

படிப்பு முடிந்ததும் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தார். 1844-ல் தொடங்கிய பழைய மருத்துவமனை அது. அங்கே அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான் என்று சொல்லப்படுகிறது.

அன்றைக்குப் பிரசவம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தஞ்சாவூர் ஜில்லாவாக இருந்தாலும் சென்னையாக இருந்தாலும் பெரும்பாலான பிரசவம் வீட்டில்தான். பார்ப்பவர் ஊர் மருத்துவச்சி. இந்தப் பெண்களுக்குக் கைப்பழக்கமும் அனுபவமும் நிறைய உண்டு. சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள். குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி வராமல் நின்றாலோ, ரத்தப்போக்கு நிற்காமல் போனாலோ அவர்கள் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. கத்தியையோ அரிவாளையோ சுத்தம் செய்யாமல் தொப்புள்கொடி அறுத்தால் பிள்ளைக்கு ரணஜன்னி. கை சுத்தமில்லாவிட்டால் தாய்க்குப் பிரசவ ஜன்னி.

கையைக் கழுவிவிட்டுப் பிரசவம் பார்த்தால் ஜன்னிச் சாவு குறையும் என்பதை வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் 1847-லேயே கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பாடம் நம் ஊர் திண்ணைக்கும் தாழ்வாரத்துக்கும் வந்து சேரப் பல தலைமுறை ஆனது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 200 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மருத்துவமனை இருந்தாலும், ஆண் டாக்டர் தொட்டுப் பார்ப்பதற்குக் குடும்பம் சம்மதிக்காது. வலி முற்றி, எல்லாம் கைமீறிய பிறகுதான் வண்டி கட்டுவார்கள். ஒரு பெண் டாக்டர் இருந்தால் அந்த வண்டி கொஞ்சம் சீக்கிரம் கிளம்பும். முத்துலட்சுமியைப் போன்றவர்கள் மருத்துவம் படித்ததன் அர்த்தம் இதுதான்.

வார்டை விட்டு சட்டசபைக்கு

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு நடந்த திருமணம். இரண்டு பிள்ளைகள். 1925-ல் பெண்கள், குழந்தைகள் நோய் பற்றி மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனார்.

திரும்பி வந்ததும் பாதை மாறியது. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியில் சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1927-ல் அதன் துணைத் தலைவராகவும் ஆனார். நன்றாக ஓடிய பிராக்டிஸை விட்டுவிட்டு அரசியலுக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்வி அப்போது எழாமல் இருந்திருக்காது.

அவர் சபையில் கொண்டுவந்த விஷயங்களைப் பார்த்தால் பதில் கிடைக்கும். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சபை ஏகமனதாக ஏற்றது. அதன் பலனாக மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று ஒரு பிரிவு திறக்கப்பட்டது. பள்ளி மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்ணின் திருமண வயதை 16 ஆகவும் ஆணுடையதை 21 ஆகவும் உயர்த்த வேண்டும் என்று 1928-ல் தீர்மானம் கொண்டுவந்தார்.

திருமண வயதுக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. 13, 14 வயதுப் பெண்ணுக்கு இடுப்பெலும்பு முழுசாக வளர்ந்திருக்காது. வலி நாள்கணக்கில் இழுக்கும். தாய் பிழைத்தால் பிள்ளை இருக்காது, பிள்ளை பிழைத்தால் தாய் இருக்க மாட்டாள். இரண்டு பேரும் பிழைத்தாலும் அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கச் சிறுநீர்க் கசிவோடு ஒதுங்கி வாழ வேண்டிய நிலை வரலாம். பிரசவ மேசையில் ஒரு டாக்டர் காப்பாற்றக்கூடியது ஒருவரை. அந்த மேசைக்கு ஒரு சிறுமி வராமலே தடுக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும். அகில இந்திய அளவில் சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறியபோது பெண்ணின் வயது 14 என்றுதான் வைக்கப்பட்டது. முத்துலட்சுமி கேட்டதைவிட 2 வயது குறைவு.

கோயில்களுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கவும் இதே சபையில்தான் போராடினார். இது அவருக்கு அம்மா வழி வந்த காயம். டெல்டாவில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் இதற்காகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1947-ல் வந்தது. ஒருவர் சபைக்குள்ளே, ஒருவர் தெருவிலே. பின்னாளில் அரசு இரண்டு பேருடைய பெயரையும் பெண்களுக்கான திட்டங்களுக்கு வைத்தது.

1930-ல் காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார். அப்போது, பொட்டுக்கட்டப்படுவதிலிருந்து தப்பி வந்த சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வரவில்லை. அவர்களுக்காகத் தொடங்கியதுதான் அவ்வை இல்லம்.

1923-ல் தங்கை புற்றுநோயில் இறந்தது அவரை விடவில்லை. பல வருஷம் நிதி திரட்டி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952-ல் நேருவை வைத்து அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு அது திறந்தது. 1956-ல் பத்மபூஷண். 1968 ஜூலை 22 அன்று, 82 வயது நிறைய 8 நாள் இருக்கும்போது காலமானார். 2019-ல் அவருடைய பிறந்தநாளை 'மருத்துவமனை தினம்' என்று தமிழக அரசு அறிவித்தது.

திட்டம் என்ன சொல்கிறது?

வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள கர்ப்பிணிகளுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு இந்த உதவி. 2006-ல் 6,000 ரூபாயாக இருந்தது, 2011-ல் 12,000 ஆனது, 2018-ல் 18,000 ஆனது. இதில் 14,000 ரூபாய் பணமாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம்.

பணம் மொத்தமாக வராது, தவணையாகத்தான் வரும். சீக்கிரம் பதிவு செய்து, பரிசோதனைக்கு வந்து, அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்து, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டால்தான் எல்லாத் தவணையும் கிடைக்கும். நாற்று நடவுக்கும் களை எடுப்பதற்கும் போகிற பெண்ணுக்கு, வேலைக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள். அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டுவதுதான் இந்தப் பணத்தின் நோக்கம்.

படிவத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விதி, தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது. பலர் இதை வெறும் சம்பிரதாயமாகப் பார்க்கிறார்கள். ஆனால் 1928-ல் முத்துலட்சுமி சபையில் வாதாடிய விஷயம் இந்த ஒரு வரியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சீக்கிரம் கல்யாணமாகி 17 வயதில் கர்ப்பமான பெண்ணுக்குத்தான் உதவி அதிகம் தேவை. அவளுக்கு இந்தப் பணம் கிடையாது. விதி கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறது. தள்ளிப்போடும் அதிகாரம் அந்தப் பெண்ணின் கையில் இருப்பதில்லை.

இன்றைய நிலை என்ன?

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது என்கிறது 5-வது தேசியக் குடும்பநல ஆய்வு. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்பதுதான் மகப்பேறு இறப்பு விகிதம். 2018-20 கணக்கில் இந்தியாவுக்கு அது 97, தமிழ்நாட்டுக்கு 54. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 2020 கணக்கில் ஆயிரத்துக்கு 13. நாட்டின் சராசரி 28.

இதற்குக் காரணம் ஒரு திட்டம் மட்டும் இல்லை. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 24 மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 108 ஆம்புலன்ஸ் என்று ஒரு சங்கிலியே இருக்கிறது. வேளாங்கண்ணி பக்கம் ஒரு பெண்ணுக்கு ரத்தக்கொதிப்பு எகிறினால் நாகப்பட்டினம், அதைத் தாண்டினால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை என்று வழி தெரியும். பழைய மருத்துவச்சியின் இடத்தில் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் நிற்கிறார். இவருக்குப் பயிற்சி இருக்கிறது, ரத்தப்போக்கை நிறுத்த ஊசி இருக்கிறது, நிலைமை மோசமானால் அனுப்பி வைக்க வண்டி இருக்கிறது.

மீதமிருக்கும் வேலையும் சின்னதில்லை. அதே ஆய்வின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைவாக இருக்கும் பெண்ணுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போனாலும் ஆபத்து. பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து டானிக்கும் வீட்டில் மற்றவர்களுக்குப் பங்காகாமல் அந்தப் பெண்ணின் வயிற்றுக்குப் போகிறதா என்பது முக்கியம். இன்னொரு பக்கம், 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். நாட்டின் சராசரியைப் போல இரண்டு மடங்கு. ஒரு காலத்தில் அறுவை சிகிச்சை கிடைக்காமல் பெண்கள் செத்தார்கள். இன்று தேவையில்லாதவர்களுக்கும் அது நடக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அது பதிவாகிறது. எந்த நேரத்தில் வலி வந்தது, யார் பார்த்தார்கள், எங்கே தாமதமானது, ரத்தம் இருந்ததா என்று மாவட்ட அளவில் உட்கார்ந்து தணிக்கை செய்கிறார்கள். முத்துலட்சுமி வார்டுக்குள் நுழைந்த காலத்தில் அதே சாவுக்கு 'அவள் விதி' என்ற பதிலோடு எல்லாரும் கலைந்து போனார்கள். பிரசவச் சாவு குடும்பத்தின் துக்கம் மட்டும் இல்லை, அரசு பதில் சொல்ல வேண்டிய விஷயம் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி இன்றைக்கும் முடியவில்லை. நாட்டின் 97-க்கு நம்முடையது 54 என்று நிறுத்திக்கொள்ள முடியாது. அந்த 54-ல் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது, அங்கே ஒரு தொட்டில் இருந்தது.