ஸகராத் நிலையிலும் ஒரு பாடம்

கஸ்னி நகரில் எண்பது வயதளவிலான ஒரு பெரியவர் ஸகராத் நிலையில் இருந்தார். நோய் விசாரிக்க வந்தவர் ஒரு மார்க்கச் சட்ட அறிஞர். மூச்சு விடவே சிரமப்பட்ட அந்தப் பெரியவர், வாரிசுரிமைச் சட்டத்தில் பாட்டிமார் சம்பந்தமான ஒரு கணக்கை நினைவூட்டி, அன்று நீங்கள் சொன்னது என்ன என்று கேட்டார். இந்த நிலையிலா என்று வந்தவர் இரக்கப்பட்டார். அறியாமல் உலகை விட்டுப் போவதை விட அறிந்துகொண்டு போவது மேல் அல்லவா என்பதே பெரியவரின் பதிலாக இருந்தது. அறிஞர் விளக்கினார், பெரியவர் அதை மனதில் பதித்துக்கொண்டார். விடைபெற்று வீதிக்கு வந்த அறிஞரின் காதில் அந்த வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.

யாகூத் அல்-ஹமவி தமது நூலில் பதிந்து வைத்த இந்தச் சம்பவத்தின் நாயகர், அபூ ரைஹான் அல்-பிரூனி.

ஒவ்வொரு வருடமும் புதிய வகுப்புக்கு நான் சொல்லும் கதை இது. கேட்டு முடித்ததும் யாராவது ஒரு மாணவர் இது பரீட்சைக்கு வருமா என்று கேட்பார். அந்தப் பிள்ளையில் பிழையில்லை. பரீட்சைக்காக மட்டுமே வாசிக்கப் பழக்கியவர்கள் நாம்தான். பிரூனி கடைசியாகக் கற்ற கணக்கு எந்தப் பரீட்சைக்கும் வரவில்லை. அதனால் அவருக்குப் பதவியோ சம்பளமோ கிடைக்கப் போவதுமில்லை.

அவர் 973 ஆம் ஆண்டு குவாரஸ்மின் காத் நகரில் பிறந்தார். இன்று அது உஸ்பெகிஸ்தானில் உள்ளது. சிறு வயதில் அவரது ஊருக்கு ஒரு கிரேக்கர் வந்து தங்கியிருந்தார். சிறுவன் பிரூனி விதைகளையும் பழங்களையும் செடிகளையும் அவரிடம் கொண்டு போவான். உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்வான். அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை அபூ நஸ்ர் மன்சூர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

995 இல் நடந்த போரில் அந்த அரச குடும்பம் வீழ்ந்தது. 22 வயது இளைஞரான பிரூனி ஊரை விட்டு ஓட நேர்ந்தது. அடைக்கலம் தேடி அலைந்த காலத்திலும் வாசிப்பையும் எழுத்தையும் அவர் நிறுத்தவில்லை. பல சமூகங்களின் நாட்காட்டிகளையும் பண்டிகைகளையும் ஒப்பிடும் பெரும் நூலை எழுதியபோது அவருக்கு வயது முப்பதை எட்டவில்லை.

ஒரு புத்தகத்துக்காக அவர் காத்திருந்த கதையும் உண்டு. மருத்துவ மேதை அர்-ராஸியின் நூலொன்றை வாசிக்கையில், மானி என்பவர் எழுதிய இரகசியங்களின் நூல் பற்றி அறிந்தார். நாற்பது வருடங்களுக்கு மேலாக அதைத் தேடினார். கடைசியில் ஹமதானிலிருந்து வந்த ஒரு தூதர் மூலம் அது கைக்குக் கிடைத்தது. ஆவலோடு திறந்தவருக்கு மிஞ்சியது ஏமாற்றமே. ஆனாலும் அவர் நூலைத் தூக்கி எறியவில்லை. தன்னைப் போல் வேறு யாரும் ஏங்கிக் காலத்தை வீணாக்காதிருக்க, அதன் சாரத்தைச் சுருக்கி எழுதி வைத்தார்.

1017 இல் சுல்தான் மஹ்மூத் குவாரஸ்மைக் கைப்பற்றி, பிரூனியையும் அவருடைய ஆசிரியரையும் கஸ்னிக்குக் கொண்டு சென்றார். பிரூனிக்கு அப்போது 44 வயது. சுல்தானின் படைகள் இந்தியாவுக்குள் புகுந்து சூறையாடிய காலம் அது. அந்த வயதில், அந்தச் சூழலில் அவர் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். அது தனக்குக் கடினமாக இருந்ததை அவர் மறைக்கவில்லை. கைப்பணத்தைச் செலவழித்து நூல்களைச் சேகரித்தார். இந்திய வானியலாளர்களின் முன் முதலில் மாணவராகவே நின்றார். படையெடுப்புகளால் அம்மக்களின் மனதில் விழுந்த வெறுப்பையும், அறிஞர்கள் சிதறிப் போனதையும் ஒளிக்காமல் எழுதினார்.

அதன் பலன்தான் 1030 அளவில் வெளிவந்த இந்தியா பற்றிய அவரது பெருநூல். பிறருடைய நம்பிக்கைகளை அவர்களுடைய நூல்களிலிருந்தே எடுத்துச் சொல்வது என்ற ஒழுங்கை அதில் அவர் கடைப்பிடித்தார். இந்திய வானியலாளர்கள் பூமத்திய ரேகையில் வைத்துக் கணக்கிட்ட இலங்கை பற்றி அதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஏட்டில் கண்டதை, அந்தக் கடல்களில் பயணித்தவர்கள் தந்த செய்திகளோடு ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தவில்லை என்று எழுதினார். வாசித்ததை அப்படியே நம்பாமல் உரசிப் பார்ப்பதும் வாசிப்பின் ஒரு பகுதியே.

முதுமையில் பார்வையும் செவியும் மங்கின. அப்போதும் ஒரு மருத்துவரின் உதவியோடு மருந்துகள் பற்றிய நூலை எழுதினார். ஒவ்வொரு மருந்தின் பெயரையும் பல மொழிகளில் அதில் தந்தார். கிரேக்கரிடம் செடியை நீட்டிப் பெயர் கேட்ட அதே சிறுவன்தான் எண்பது வயதிலும் கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது என் பக்கம் வருகிறேன். ஆசிரிய கலாசாலையை விட்டு வெளியேறிய பிறகு பல வருடங்களாக நான் வாசித்தது ஆசிரியர் வழிகாட்டியையும் சுற்றுநிருபங்களையும் மட்டும்தான். நியமனம் கிடைத்தது, தடைதாண்டல் பரீட்சை முடிந்தது, இனி எதற்கு என்று இருந்துவிட்டேன். பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று ஆசிரியர் அறையில் குறை சொல்லும்போது, என் கையில் எந்தப் புத்தகமும் இருக்கவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. 44 வயதில், பகைக்கு நடுவில், பிரூனி பிறருடைய மொழியைக் கற்றார். பக்கத்து வீட்டாரோடு சிங்களத்தில் சரளமாகப் பேசும் நானோ, அவர்களுடைய மொழியில் ஒரு புத்தகத்தைக் கூட முழுதாக வாசித்ததில்லை. என் வயதும் அவர் தொடங்கிய வயதை ஒட்டியதுதான். நேரமில்லை என்று இனி எந்த முகத்தோடு சொல்வது?

கடந்த மாதம் ஒரு சிங்களச் சிறுகதைத் தொகுப்பை வாங்கினேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்தான் நகர்கிறது. அர்த்தம் தெரியாத சொற்களை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் பாடசாலையில் சிங்களம் கற்பிக்கும் ஆசிரியையிடம் கேட்கிறேன். என் மாணவர்கள் அதைப் பார்க்கிறார்கள். சேரும் படிக்கிறாரே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் கூட அந்தப் புத்தகம் பரீட்சைக்கு வருமா என்று இதுவரை கேட்கவில்லை.